மாமா பார்த்த இஸ்தான்புல்

லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டில் இஸ்தான்புல் நகரத்தை என்னைப்போல் அறிந்தவர் எவருமில்லை. ஒன்பது வயதில், போகாமலே அறிந்திருந்தேன். கூரை போட்ட பெரிய சந்தைக்குள் எந்த வாசலால் நுழைந்து எந்த வாசலால் வெளியே வரலாம், தூண்டில்காரர் நிற்கும் பாலத்தைத் தாண்டினால் எந்த ஏற்றம் வரும், நிலத்துக்கடியில் தண்ணீர் நிற்கும் தூண் மண்டபம் எப்படிக் குளிரும், எல்லாம் சொல்வேன். சொல்லித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. லண்டனுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் அவரையும் அவர் தம்பி சின்ன மாமாவையும் மாதக்கணக்கில் அங்கே நிறுத்தி வைத்திருந்தான். வந்து சேர்ந்தவர் மாமா மட்டும். சின்ன மாமா பின்னால் வருகிறார் என்று சொல்லியிருந்தார். அம்மா ஒவ்வொரு நாளும் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாங்கள் இஞ்ச டபுள் ஷிப்ட் அடிக்கிறம், இவர் துருக்கி சுத்திப் பாத்திட்டு வாறார்" என்று வீட்டுக்கு வரும் சனம் நக்கலடிக்கும். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சனத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்று எனக்கு வெறும் பொறாமை. என்னை ஒருவரும் பக்கத்திலிருந்த குரோய்டனுக்கு அப்பால் கூட்டிப்போனதில்லை.

ஒரு ஞாயிறு, படங்களைக் காட்டும்படி மாமாவைப் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் கமெரா தொங்க நடந்ததாக அவர்தானே சொன்னார்!

"அதுக்குள்ள பிலிம் இல்லை, பிள்ளை. பகலில அறைக்குள்ள இருக்க ஏலாது, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லிப்போடுவினம். டூரிஸ்ட் மாதிரித் திரியுங்கோ எண்டு ஏஜென்ட் தந்தது. சும்மா கிளிக், கிளிக்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடைசியா எதை எடுத்தீங்கள், மாமா?"

மாமா சொன்னார். பெரிய கும்மட்டம் வைத்த பழைய பள்ளிவாசலாம். அந்த நாளில் அது மியூசியம். டூரிஸ்டுகள் சப்பாத்தோடு போய்வந்தார்கள். சின்ன மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அதைக் கண்ட பொலிஸ்காரன் வந்து பாஸ்போர்ட் கேட்டான். ஒருவர் பிடிபட்டால் மற்றவர் தெரியாத ஆள்போல நடந்துவிட வேண்டும் என்பது ஏஜென்டின் கட்டளை.

சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினி வாசலில் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"தம்பி, அவன் உன்னைக் கூப்பிடேல்லையோ?"

"கூப்பிட்டவன், அக்கா. அண்ணை எண்டு கத்தினவன்."

"நீ என்ன செய்தனி?"

மாமா வெறுங்கைகளைக் கண்ணுக்கு முன்னால் தூக்கி, கூரையை அண்ணாந்து பார்த்து, விரலை அழுத்தினார்.

"கிளிக்!" என்று நானே சத்தம் கொடுத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

"எல்லாம் வடிவாச் சுத்திப் பாத்திட்டுத்தான் வந்திருக்கிறாய்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் மாமாவோடு பேசவேயில்லை.

அடுத்த கிழமை மாமா கிங்ஸ்பரியில் அறையெடுத்துப் போய்விட்டார். இஸ்தான்புல் கதை பாதியில் நின்றதுதான் எனக்குக் கவலை. மிச்சத்தைச் சின்ன மாமா வந்ததும் கேட்கலாம் என்று காத்திருந்தேன்.