குடத்தின் ஓரம்

கணினியில் வளைகோட்டை யாரும் வரைவதில்லை, இழுக்கிறார்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு வீடியோவில் வரும் ஆள். பென் டூலால் ஒரு புள்ளி வைப்பான், அப்படியே பிடித்து இழுப்பான், புள்ளியின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கம்பி நீளும். அடுத்த புள்ளி வைத்ததும் நடுவில் வழவழவென்று ஒரு வளைவு. "அவ்ளோதான் ஃபிரெண்ட்ஸ், சிம்பிள்" என்பான். சிம்பிள் என்று சொல்கிறவர்களை எல்லாம் ஒரே ஷேர் ஆட்டோவில் திணித்து, சித்திரை வெயிலில் ஊரைச் சுற்றவிட வேண்டும் என்பது என் கருத்து.

நான் இழுத்தால் கோடு எதிர்த்திசையில் ஓடும். மீசையை மேலே முறுக்கினால் வளைவு கீழே தொங்கும். ஐம்பதை நெருங்கும் மனிதன் என்ற மரியாதை கொஞ்சமும் கிடையாது. வீட்டில் பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஒரு கோடுகூடவா?

இந்த வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்றால், நான் என் மச்சானின் ஆபீசிலிருந்து தப்பி வந்தவன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆதம்பாக்கத்தில் வரிக்கணக்கு பார்க்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கே பல வருஷம் அடுத்தவன் வருமானத்தை டைப் அடித்துவிட்டு, ஒருநாள் "நான் டிசைனர் ஆகப்போறேன்" என்று சொல்லி வெளியே வந்தேன். மச்சான் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "போய்ட்டு வாங்க மாப்ள. உங்க நாற்காலிய எடுக்க மாட்டேன். ஆடி முடியறதுக்குள்ள வந்துடுவீங்க" என்றார். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டீ வரும்போதெல்லாம் "டிசைனருக்கு ஒண்ணு குடுப்பா" என்பார். ரிட்டயர் ஆகும்வரை என்பார்.

அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஒரு எவர்சில்வர் குடம். தியாகராய நகரில் ஒரு பாத்திரக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆடித் தள்ளுபடிக்குக் கடை முகப்பில் மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர், அதில் பெரிதாக ஒரு குடம் வேண்டும் என்றார். "இது நல்லா வந்தா கடைச் சாமான் மொத்தத்துக்கும் நீருதான் படம் போடணும். வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக் குடத்தைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குடத்துக்கும் டிக்கெட் கேட்கலாமா என்று கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

அபிராமபுரம் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசை மேல் வெள்ளை பெட்ஷீட் விரித்து, பின்னாலும் ஒன்றைத் தொங்கவிட்டு, போனில் படம் எடுத்தேன். இனி பெட்ஷீட்டை நீக்கி, குடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பொருளைத் தானாகவே தேர்ந்தெடுத்துத் தரும் பொத்தான் ஒன்று உண்டு. சோம்பேறிகளுக்காகச் சோம்பேறிகள் செய்தது. அமுக்கினேன். பெட்ஷீட்டும் வெள்ளை, குடத்தின் பளபளப்பும் வெள்ளை. பொத்தான் குழம்பிப்போய், குடத்தின் வயிற்றில் பாதியைத் தின்றுவிட்டு பெட்ஷீட்டில் ஒரு மூலையைச் சேர்த்துக்கொண்டது. இதைத்தான் அறிவு என்று ஊரெல்லாம் கொண்டாடுகிறார்கள்.

வேறு வழியில்லாமல் பென் டூலுக்கு வந்தேன். பயந்தவன் புள்ளி நிறைய வைப்பான். நான் வைத்த புள்ளிகளில் எறும்பு படி ஏறலாம். வெட்டி எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. மனைவி அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தாள்.

"பலாப்பழத்துக்கு எதுக்குங்க வாய் வச்சிருக்கீங்க?"

புள்ளிகளை அழித்தேன். கழுத்து முடியும் இடத்தில் ஒன்று, வயிறு புடைக்கும் இடத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று விட்டுவிட்டு, மீசைகளை நீளமாக இழுத்தேன். கோடு சட்டென்று குடத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஓரத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பிசிறு இல்லை. முதலாளிக்கு அனுப்பினேன். அவர் போனில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்துவிட்டு "குடம் குடமா இருக்குல்லா, பேனர் அடிச்சிரும்" என்றார். உடனே மச்சானைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை பேனர் கட்டறாங்க. நீங்க வந்தே ஆகணும்" என்றேன். கேட்காமலே குழி வெட்டிக்கொள்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

ஞாயிறு காலை நானும் மனைவியும் பாண்டி பஜாரில் ஆட்டோவை விட்டு இறங்கி, ஆடிக் கூட்டத்தில் நசுங்கிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சானிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள லேப்டாப்பையும் தூக்கி வந்திருந்தேன். பேனர் ஏறிவிட்டது, மேலே இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி அண்ணாந்து பார்த்தாள். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஓரம் நல்லா இருக்கு" என்றாள். தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உள்ள தொங்கறது என் நைட்டி இல்ல?"

பார்த்தேன். குடத்தின் வயிற்றில், சரியாக நடுவில், எங்கள் வீட்டு ஹால் வளைந்து தெரிந்தது. ஃபேன், துணி காயும் கொடி, கொடியில் நைட்டி. அதற்கு முன்னால் பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாக, போனை இரண்டு கையாலும் தூக்கி, தீபாராதனை காட்டுகிறவன் மாதிரி நான். ஓரத்தையே நாள் முழுக்கப் பார்த்த மகானுபாவன், நடுவில் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

மேலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "சார், கொடத்துக்குள்ள ஒரு ஆளு கீறாரு. அவரையும் சேத்துக் கட்டிடவா?"

"கொடம் வாங்குனா அவரு ஃப்ரீ போல மச்சி" என்றான் மற்றவன்.

என் கால்கள் தாமாகவே ஆதம்பாக்கம் பக்கம் திரும்பின. மழை வருமா என்று பார்த்தேன். காற்றில் பேனர் கிழியுமா என்று பார்த்தேன். முதலாளிக்குத் திடீரென்று கண் புரை வரட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். மனைவி என் தோளைத் தட்டினாள்.

"முதல்ல அந்த நைட்டிய எடுங்க."

"மேல ஏறியா?"

"கம்ப்யூட்டர்ல. அந்த இடத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டச் சொல்லுங்க. அண்ணன் வர்றதுக்குள்ள."

கடைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். என்னை அழிக்க வேண்டுமானால் முதலில் என்னைச் சுற்றிக் கோடு போட வேண்டும். தலைக்கு இரண்டு புள்ளி போதுமானதாக இருந்தது. முடி இருப்பவனுக்குத்தான் அதிகம் தேவைப்படும். வயிற்றுக்கு ஒன்றே ஒன்று. குடத்துக்கு அவ்வளவு பாடுபட்ட எனக்கு என் வயிறு ஒரே இழுப்பில் வந்தது. நைட்டிதான் கொஞ்சம் படுத்தியது. எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தால் மூடிவிட்டு வெளியே ஓடினால், வாசலில் முதலாளியும் மச்சானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, அந்த லுங்கி பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்ததுதானே?" என்றார் மச்சான். பிறகு முதலாளியிடம், "என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். அடுத்த வாரம் நம்ம ஆபீசுக்கே வந்துடுவார்" என்றார்.

முதலாளி என்னிடம் கை நீட்டினார். என் லேப்டாப்பை வாங்கி, நான் அழித்த இடத்தைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார்.

"ஓரம் சுத்தமாத்தான் வெட்டுதீரு வே. உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் உமக்குக் கண்ணு இல்ல. படம் எடுக்க வேற ஆளு வச்சுக்கிடுதேன். நீரு வெட்டி மட்டும் குடும். சம்மதமா?"

தன்மானம் உள்ளவன் கொஞ்சமாவது யோசித்திருப்பான். அவர் வாயை மூடுவதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

"ஓரம் வெட்டறதுக்கெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்றார் மச்சான், முதலாளி வாங்கிக் கொடுத்த ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்று மாலையே ஸ்டிக்கர் ஏறி, நானும் நைட்டியும் குடத்திலிருந்து மறைந்தோம். மறுநாள் கடையிலிருந்து முதல் படம் வந்தது. ஜல்லிக்கரண்டி. பூரி எடுக்கிற, முகமெல்லாம் ஓட்டையாக இருக்கிற கரண்டி. ஒவ்வொரு ஓட்டையும் தனி வட்டம். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். எத்தனை ஓட்டை என்று எண்ணாமல் முதல் புள்ளியை வைத்தேன். எண்ணியிருந்தால் ஆதம்பாக்கத்துக்கு பஸ் ஏறியிருப்பேன்.