முதல் பங்கின் இடது ஓரம்

டில்லரி–ஹார்ஸ்பி ரயில் மொத்தம் பதினொரு மைல்தான் ஓடியது. முட்டையோடு ஏறிய கோழி குஞ்சுகளோடு இறங்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் குஞ்சுகளின் வம்சம் இன்றும் எங்கள் கொல்லையில் மேய்கிறது.

கம்பெனி கடனில் மூழ்கி நூறு வருஷமாயிற்று. தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். மிச்சம் அதன் பங்குப் பத்திரங்கள்தான். அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர், எங்கள் டில்லரியின் பள்ளிப் பேருந்தை முப்பத்தொரு வருஷம் ஓட்டிய டெல்பர்ட் ஹஸ்கின்ஸ். ஒரு கோழிக்கூட்டுச் சுவரில் காற்றுப் புகாமலிருக்க ஒட்டியிருந்த பதினாறு பத்திரங்களை, கெட்டிலைச் சுமந்து போய் ஆவி காட்டி உரித்து வந்த மனிதர். ஒஹாயோவில் வேறு யாருக்கு அந்தப் பொறுமை உண்டு?

அவருடைய மகுடம், முதலாம் எண் பத்திரம். அவர் வாங்கிய முதல் பத்திரமும் அதுதான். அதிலிருந்த பெயர் பெர்மீலியா காஸ். எங்கள் ஊரில் துணி வெளுத்துப் பிழைத்தவள். ஹார்ஸ்பிக்காரர்களுக்கு அது தொண்டையில் முள். தங்கள் மில் முதலாளியே முதல் பங்குதாரர் என்று சிலைகூட வைத்திருந்தார்கள்.

போன அக்டோபரில் ஹார்ஸ்பி தீயணைப்பு நிலையக் கூடத்தில் சேகரிப்பாளர் கண்காட்சி. நான்கு ஓரமும் தெரிய வேண்டும், கண்ணாடிச் சட்டத்தோடு வைக்கக் கூடாது என்பது விதி. டெல்பர்ட்டின் மனைவி ஆர்டிஸ் போட்ட சட்டத்திலிருந்து, இருபது வருஷத்துக்குப் பிறகு பத்திரம் வெளியே வந்தது. ஹார்ஸ்பி நூலகர் வெர்னான் ஓட் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"டெல்பர்ட், இடது ஓரத்தப் பாருப்பா. ஸ்கேல் வச்சு வெட்டின மாதிரி நேரா இருக்கு. இது பின்னால அச்சடிச்ச போலி."

பத்திரத்துக்கும் புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டைக்கும் நடுவே பூவேலைப் பட்டை ஒன்று ஓடும். அதன்மேல் வேண்டுமென்றே வளைத்து வளைத்து வெட்டுவார்கள். வளைவோடு வளைவு பொருந்தினால் அசல். அடிக்கட்டைப் புத்தகம் வெர்னானிடம்தான் இருந்தது. முதல் தாளில் இருந்த பெயரை வெள்ளம் கரைத்துவிட்டது. ஓரம் ஒன்றுதான் சாட்சி.

"மூணு மணிக்குள்ள நிரூபி. இல்லைன்னா 'போலி'ன்னு சீட்டு ஒட்டணும். விதி அப்படி, நான் என்ன செய்ய?"

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சுமந்த மனிதர் போலிக்காரர் என்று பெயரெடுப்பதா? இனிப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்கும் மேசைக்குப் பின்னால் நின்ற ஆர்டிஸிடம் டெல்பர்ட் ஓடிப்போய் அந்த ஓரத்தைப் பற்றிக் கேட்டார். கேட்டதும் அவள் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"நான்தான் கத்தரிச்சேன்."

"என்னது?"

"சட்டத்துக்குள்ள அடங்கல. ஓரம் வேற ஆடு மேஞ்ச மாதிரி கோணலா இருந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு நாலு பேர் வர்ற வீடாச்சே!"

"ஆர்டிஸ்!"

"கத்தாத. நான் எதையாவது தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கியா? உன்னையே இன்னும் வச்சிருக்கேனே."

காரை எடுத்தாள். அந்த ரயில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்ட தூரத்தை அவள் போய்த் திரும்பிய நேரத்தை எழுதினால், ஷெரிஃப் வீட்டுக்கு வருவார். எழுதவில்லை.

மூன்றடிக்க நான்கு நிமிஷம். சமையல் குறிப்பு நோட்டில் பக்க அடையாளமாக வைத்திருந்த விரலகலத் துண்டொன்றை உருவி மேசையில் வைத்தாள். நடுவில் வெண்ணெய்க் கறை. வெர்னான் அதை அடிக்கட்டையோடு சேர்த்தார். பாதி இலை முழு இலையானது. அறுந்த கொடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. வலப்பக்கம் பத்திரத்தை நகர்த்தினார். மயிரிழை இடைவெளிகூட இல்லை.

வெர்னான் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றினார். "வண்ணாத்தியம்மா எங்க முதலாளிய முந்திட்டாங்க."

டில்லரிக்காரர்கள் தட்டிய கைதட்டலில் தீயணைப்பு வண்டியின் மணி தானாக அடித்தது. சத்தியமாக.

"அம்மா, அந்தத் துண்ட நூலகத்துக்குக் கொடுங்களேன்," என்றார் வெர்னான்.

"கொடுத்துட்டா, நோட்டுல ருபார்ப் தண்டு பை செய்முறை எந்தப் பக்கம்னு தினம் நீங்க வந்து தேடித் தருவீங்களா?"

பத்திரம் பழைய சட்டத்திலேயே மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் டெல்பர்ட் அந்த நேர் ஓரத்தைத்தான் முதலில் காட்டுகிறார். "என் பொண்டாட்டி வெட்டினது," என்கிறார், மார்பை நிமிர்த்திக்கொண்டு. துண்டைப் பார்க்க வேண்டுமானால் சமையலறைக்குப் போக வேண்டும். ருபார்ப் விளையும் ஜூன் மாதமானால் பையும் கிடைக்கும்.