கதவோரத்து இருபத்தெட்டு டிகிரி

எனக்குக் கோபம் வந்தால் பெரும்பாலும் அது அடுத்தவர் மேல்தான் வரும். அந்த மாசி மாதம் மட்டும் ஊரில் எல்லார் மேலும் வந்து, கடைசியில் என் மேலேயே வந்து நின்றது.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் திருப்போரூரில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் நான்கு தட்டு இரும்பு ரேக் போட்டு, தட்டுக்குத் தட்டு எல்.இ.டி. விளக்கு கட்டி, குட்டிக்கீரை வளர்க்க ஆரம்பித்தேன். முள்ளங்கி, கடுகு, சிவப்புத் தண்டுக்கீரை விதைகளை ட்ரேயில் நெருக்கமாகத் தூவி, விரல் நீளம் வந்ததும் வெட்டிவிட வேண்டும். மாமல்லபுரத்து ஓட்டல்களில் வறுத்த மீனுக்கு மேல் அதை அழகுக்கு வைப்பார்கள். அப்படி ஒரு ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் வாரம் இரண்டு தடவை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைக்கே நான் முதலாளி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதத்தில் கீரை கெட ஆரம்பித்தது. தண்டு நூலாக நீண்டது, நுனி காய்ந்தது, மேல் தட்டு ட்ரேக்களில் அடிப்பக்கம் அழுகி வாடை வந்தது. ஒரு வியாழக்கிழமை ஓட்டலின் பின்கட்டில் சமையல்காரர் ஒரு பிடி எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டினார்.

"இன்னாக்கா இது? வெச்ச ஒடனே படுத்துக்குது பாரு. பத்து நாள் டைம் தரேன். அப்பவும் இப்டித்தான் இருந்துச்சுன்னா நான் மெட்ராஸ்லயே வாங்கிக்கறேன். தப்பா நெனைச்சுக்காத."

அதே வாரம் கம்பெனி சூப்பர்வைசரும் போன் செய்தார். லைனில் ஓர் இடம் காலி, பத்து நாள் வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் மறுபடி விடியற்காலையில் எழுந்து, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை இடித்துத் தூங்கிக்கொண்டு போக எனக்கு மனசே இல்லை. ஆக, அடுத்து விதைக்கும் ட்ரேக்கள்தான் என் தலையெழுத்தைச் சொல்ல வேண்டும்.

யாரைத் திட்டவில்லை நான்! விதைக் கடைக்காரரிடம் போனிலேயே சண்டை. போர் தண்ணீரில் உப்பு என்றேன். என் கணவர் மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர், அவர் சட்டையில் ஒட்டி வரும் கல் தூசுதான் காரணம் என்று அவரை அந்த அறைப்பக்கமே விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையும் என் பட்டியலில் இருந்தது.

சூட்டை மட்டும் சந்தேகப்படவில்லை. அதற்குத் தகுந்த ஆதாரம் இருந்தது, அதுவும் என் கையெழுத்தில். கம்பெனியில் எங்களுக்கு ஊறிப்போன ஒரு வழக்கம் உண்டு. அளக்கும் இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டால், அந்த இடத்தை யாரும் மாற்றக் கூடாது. ஷிப்ட்டுக்கு மூன்று தடவை அங்கேயே அளந்து எழுத வேண்டும். அதே மாதிரி அறைக் கதவுக்குப் பக்கத்தில், என் நெஞ்சு உயரத்தில் மஞ்சள் டேப் ஒட்டி வெப்பமானியை மாட்டியிருந்தேன். தினமும் மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுதினேன். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு. விளக்கு விற்றவரும் இது சூடே ஆகாது என்று சத்தியம் செய்திருந்தார். பிறகு என்ன சந்தேகம்?

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டில் வளைகாப்பு. பெரிய அண்டா கேட்டு வந்தார்கள். என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த பாத்திரமெல்லாம் அந்தச் சின்ன அறையின் பரண் மேல்தான் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பரணுக்குள் கையை விட்டு அண்டாவைப் பிடித்தேன். சுரீர் என்றது. மத்தியான வெயிலில் வைத்து எடுத்தது போல் இருந்தது.

ஸ்டூல் மேலேயே நின்றேன். என் முகத்தைச் சுற்றிக் காற்று கொதித்துக்கொண்டிருந்தது. கீழே என் காலடியில் சில்லென்று இருந்தது. இறங்கி வந்து, கம்பெனியில் செய்தால் மெமோ கொடுப்பார்களே அந்தக் காரியத்தைச் செய்தேன். மஞ்சள் டேப்பைப் பிய்த்து, வெப்பமானியைக் கொண்டுபோய் ரேக்கின் மேல் தட்டில் வைத்தேன். முப்பத்தொன்பது. பரணில் வைத்தேன். நாற்பத்து மூன்று. மூன்று மாதமாக நான் அக்கறையாக எழுதிவந்தது கதவிடுக்கில் வரும் ஹால் காற்றின் சூட்டை. கீரையின் சூட்டை ஒரு நாள்கூட எழுதவில்லை. அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

அண்டாவைக் கொடுத்தனுப்பிவிட்டு, கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"கையெழுத்து சூப்பரா கீதுமே. செடியாண்ட ஒரு தபா கேட்டு எழுதியிருக்கலாம்ல?"

"யோவ், கிண்டல் பண்ணிகினு நிக்காத. இன்னா பண்றதுன்னு சொல்லு."

அவர் ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்குகளுக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டிகளையெல்லாம் இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று ரேக்கின் தலையில்தான் அடுக்கியிருந்தேன். அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். பிறகு ஜன்னலின் கீழ்ப் பாதியில் நான் மாட்டியிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டினார்.

"சூடு மேல குந்திகினு கீது. நீ கீழ கீற நல்ல காத்த இழுத்து வெளிய தள்ளிகினு கீற."

மறுநாள் ஞாயிறு. பட்டறையிலிருந்து துளை போடும் மெஷினைக் கொண்டுவந்தார். நான் பாத்திரங்களையெல்லாம் இறக்கி ஹாலில் பரப்பினேன். பரணுக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல், சுவரில் வட்டமாக ஒரு துளை. கருங்கல்லோடு மல்லுக்கட்டுகிற கைக்குச் செங்கல் எந்த மூலைக்கு? ஃபேனை அங்கே ஏற்றினோம். ஜன்னல் கீழ்ப்பாதியில் கொசுவலை அடித்துக் காற்று உள்ளே வர விட்டோம். கரன்ட் பெட்டிகளை வயர் நீட்டிச் சுவருக்கு வெளியே ஹாலில் மாட்டினோம். விளக்குகளை நாலு விரல் உயர்த்திக் கட்டினேன். அக்னி நட்சத்திரத்தில் விளக்கைச் சாயங்காலம் போட்டு, வெயில் ஏறும் முன் அணைக்கும் பழக்கம் பின்னால் சேர்ந்துகொண்டது.

ஃபேனைப் போட்டுவிட்டு மேல் தட்டில் வெப்பமானியை வைத்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. மத்தியானம் கடல் காற்று திரும்பியதும் இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது. நான் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கணவர் தூசு அப்பிய தலையோடு, "இன்னாமே, லாட்டரி வுழுந்த மாதிரி குதிக்கிற?" என்றார். லாட்டரியெல்லாம் எனக்கு எதற்கு?

அன்று மாலையே விதைத்தேன். நான்கு தட்டுக்கும் தட்டுக்கு ஒரு வெப்பமானி வைத்தேன். டேப் ஒட்டவில்லை. நாளுக்கு நாள் இடம் மாற்றி மாற்றி அளந்தேன். ஆறாம் நாள் முள்ளங்கி முளை குட்டையாக, தடித்து, ஒரே உயரத்தில் நின்றது. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. உள்ளங்கையால் தடவினால் திமிறிக்கொண்டு எழுந்தது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கெடு முடியும் நாள் காலையில் வண்டியின் பின்னால் ட்ரேக்களைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். சமையல்காரர் ஒரு பிடி கிள்ளித் தட்டில் வைத்தார். அது நின்றது. சூடான மீன் துண்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லி அதன் மேல் வைத்தார். அப்போதும் நின்றது. மிச்சத்தை வாயில் போட்டு மென்றார்.

"காரம் சுருக்குனு கீதுக்கா. அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு பங்கு எடுத்துகினு வா. பக்கத்து ஓட்டல்காரன் கேட்டாலும் மொதல்ல எனக்குத்தான், சொல்லிட்டேன்."

வெளியே வந்து வண்டி மேல் உட்கார்ந்தேன். அங்கேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"நான் வரல சார். அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"ஏம்மா, வேற கம்பெனியில கெடச்சுதா?"

"இல்ல சார். வூட்டுலயே ரூமுக்குள்ள லைட்டு போட்டுக் கீரை வளக்கறேன்."

"ரூமுக்குள்ளயா? அந்த லைட்டு சூட்டுல எல்லாம் வெந்துடாதாம்மா?"

"சூட்ட நான் பாத்துக்கறேன் சார்" என்றேன்.