கரட்டுப் பக்கம் திருப்பிய வண்டி

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோதுதான் எடுத்தேன். குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டும் செல்வம் பேசினான். "அண்ணன் தவறிட்டாக நர்சம்மா" என்றான். வரிசையில் இன்னும் எட்டுக் குழந்தைகள் இருந்தன. எட்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, பெட்டியில் ஐஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

எம். புதுப்பட்டிக்கு அப்பால் உள்ள கரட்டுக் குவாரியில் சோலையப்பன் அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடி வைப்பதற்குப் பாறையில் குழி போடுவது அவர் வேலை. இருபது வருடமாகக் கல் தூசிக்குள் நின்றார். மூக்குக்குக் காவல் ஒரு துண்டு. நான் அந்தப் பக்கத்துக் கிராமச் செவிலி. இருமல்காரர்களிடம் சளி வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பக் குவாரிக்குப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுதான் வரும் தாயி, பரவாயில்லையா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். பிறகு விருதுநகரில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தபோது, மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. காசநோயாக இருந்திருந்தால் ஆறு மாத மாத்திரையில் ஆளை எழுப்பி விட்டிருப்பேன். நுரையீரலில் படிந்த கல்லை எடுக்க ஒரு வழியும் கிடையாது.

அவரோடு மூன்று நாய்கள் வேலை பார்த்தன. வேலை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் நாய்கள் கல் வெட்டியெடுக்கும் பெரிய குழிக்குள் இறங்கும். முந்தின நாள் உடைத்த கல்லிடுக்கில் விரியன் வந்து படுத்திருக்கும்; மோப்பம் பிடித்து நின்று குரைக்கும். அவை சுற்றி வந்த பிறகுதான் யாரும் கல்லில் கை வைப்பார்கள். சிட்டு என்றொரு பெட்டை, கருப்பட்டி என்றொரு கடுவன், மூன்றாவதுக்கு மேனேஜர் என்று பெயர். நிழலில் படுத்துக்கொண்டு ஆட்களைப் பார்த்து மட்டும் குரைப்பதால் வைத்த பெயர் அது.

எங்கள் பக்கத்து நாய்களுக்கு வெடிச்சத்தம் பயமே கிடையாது. வெளியூர் நாய் தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் ஒளியும். இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு நடுவில் கண் திறந்த குட்டிகள் இவை. குவாரியில் வெடிக்கு முன்னால் சங்கு ஊதினால் ஆட்கள் ஓடுவார்கள், இவை காதைக்கூட அசைக்காது. அதனால் அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு மூன்றும் எங்கிருந்தாலும் மேலே ஓடி வந்துவிடும். எல்லோரும் ஏறிய பிறகு கடைசி ஆளாக அவர் ஏறுவார். நாய் உள்ளே இருந்தால் வெடி வயரில் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் கரட்டில் சட்டம். நாய்க்கு இத்தனை மரியாதையா என்று கேட்டதற்கு, "காலையில பாம்பு வாயில மொதல்ல போறது அவுக. சாயங்காலம் நாம மட்டும் மொதல்ல ஓடுனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு பிழை, வேறு யார் சீட்டி அடித்தாலும் அவை வராது. பழக்கும்போது யாருக்கும் அது தோன்றவில்லை. அண்ணனுக்கு மூச்சு ஒரு நாள் போதாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

கட்டிப் போடலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தார்கள். கருப்பட்டி கயிற்றைக் கடித்தது, சிட்டு கயிறு கொண்டுவந்தவனைக் கடித்தது. ஆகவே குழி போடும் வேலையை விட்ட பிறகும் வெடி வைக்கும் நாளெல்லாம் சீட்டிக்காக மட்டும் அவர் தூசிக்குள் போய் நின்றார். அவர் மனைவி வேலம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க அவுகள அங்கன போக விடாதீக" என்றாள். விடமாட்டேன் என்று சொன்னேன்.

சொன்னதற்கு என் மூளைக்கு எட்டிய வைத்தியம் ஒன்று செய்தேன். அவருடைய சீட்டியைப் போனில் பதிவு செய்து, செல்வத்திடம் கொடுத்து, மேலே கொட்டகையில் ஸ்பீக்கர் கட்டச் சொன்னேன். முதல் நாள் நாய்கள் ஓடி வந்தனவாம். எல்லோரும் கை தட்டினார்களாம். நாய்கள் கொட்டகையைச் சுற்றி வந்து, கட்டிலுக்கடியில் தேடி, அவரைக் காணாமல் நேராகக் குழிக்குள் இறங்கிவிட்டன. கடைசியில் ஏறுகிற மனிதர் இன்னும் ஏறவில்லை என்று அவற்றுக்குக் கணக்கு. வெடிமருந்து நிரப்பி வயர் இழுத்திருந்த குழிக்குள் யார் இறங்குவது? வயரைப் பிரித்துவிட்டு, பிரித்தது போதுமா என்று பயந்து பயந்து இறங்கி, நாய்களை ஏற்றுவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்துவிட்டது. மறுநாள் செல்வம் பைக்கோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றான். நான் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் அவரை ஏற்றிக்கொண்டுதான் போனான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. செல்வம் சூலக்கரையில் ஏதோ ஆபீஸ் வேலைக்குப் போயிருந்தான். நான் ஸ்கூட்டியில் வருகிறேன், ஓடைப் பாலத்துச் சுவரில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கரட்டுக்கு நடந்தே கிளம்பியிருக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன் என்றேன். ஏறவில்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு வயர் இழுத்துட்டாக தாயி. நாய எடுக்கப் பயலுவ எவனாவது குழிக்குள்ள எறங்குவான். வீட்டுல கெடந்து அந்தச் சத்தத்த எப்படிக் கேக்க?"

நாலு மணிக்கு வெடி; நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. வெடியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் செல்வத்துடையது; அவன் எடுக்கவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு ஸ்கூட்டியும் ஒரு மருந்துப் பெட்டியும்தான். அவரை ஏற்றி, வண்டியைக் கரட்டுப் பக்கம் திருப்பினேன்.

குழி விளிம்பில் நின்று மூன்று தடவை வாயில் விரல் வைத்தார். இரண்டு தடவை வெறும் காற்று. மூன்றாவதில் ஏதோ வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சிட்டுவுக்குக் கேட்டது. மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்தன. அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் மட்டும் வீடு திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் புதன்கிழமை.

இப்போது வெடி வைக்கும் நாட்களில் மதியமே வேலையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் நாய்களைத் துரத்துகிறார்கள். செல்வத்துக்கு நாய்க்கடி ஊசி இரண்டு முடிந்திருக்கிறது. அவனும் இருமுகிறான். சளி டப்பா கொடுத்திருக்கிறேன். காசநோயாக இருக்கட்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன். ஒரு செவிலி இப்படி ஜெபம் பண்ணலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தவறிய அன்று ஊசி முடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேலம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க சொன்னதுனாலதான் நர்சம்மா கடைசி நாலு நாளாச்சும் வீட்டுல கெடந்தாக" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவள் தீப்பெட்டி ஆபீசில் இருந்த நேரத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது; கரட்டில் இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அண்ணனுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது பாலத்திலிருந்து கரடு வரைக்கும் போன அந்த ஒன்றரை மைல்தான். விழுந்துவிடாமல் இருக்க என் தோளைப் பிடித்திருந்தார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் பிடி இறுகியது. வேலம்மாளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். எழுதிய இதை அவளிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.