சார்ஜருக்குக் காட்டிய சூடம்

போன வெள்ளிக்கிழமை, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அழுகிய முட்டை நாற்றம். என் கணவர் பிரிட்ஜைத் திறந்து, ஒரு தட்டு நல்ல முட்டைகளைக் குப்பையில் போட்டார். நாற்றம் போகவில்லை. விளக்கேற்றிவிட்டு மிச்சத்தைத் தேடலாம் என்று தீப்பெட்டியோடு பூசையறைக்குப் போனார்.

வேலை முடிந்து வந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"கொளுத்தாதீங்க!"

நான் போட்ட கூச்சலில் தீப்பெட்டி கீழே விழுந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன், ஜன்னல்களைத் திறந்தேன். சாமி மேடைக்கு அடியில் மகள் யாழினியின் பேட்டரி சார்ஜில் கிடந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் பலகாரம் விற்கிறாள். கடை விளக்குக்குப் பழைய லோரி பேட்டரி. வேறு பிளக் காலியில்லையாம். சார்ஜ் அளவுக்கு மீறினால் அந்த நாற்றம் வரும். கூடவே, மூக்குக்குத் தெரியாமல், தீப்பொறி பட்டால் வெடிக்கும் வாயுவும் வரும். பூசையறையோ ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம். அவருக்கோ முட்டை போன கவலை.

அந்த நாற்றம் எனக்குக் கிள்ளானில் அறிமுகம். படிப்பு முடிந்து முதல் வேலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளுக்கென்று தனி அறை; சுவரோரம் வரிசையாகச் சார்ஜர்கள். காலையில் என் வேலை அவற்றைப் பார்ப்பது. கேபிளில் வெடிப்பு இருக்கிறதா, பிடி தளர்ந்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா. கேபிள் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அப்போது எனக்குப் பிள்ளையும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை.

ஆசிட் தெறித்து என் சட்டைகளில் பொத்தல். பூச்சி அரிக்கிறது என்று அம்மா அலமாரி முழுக்க அந்துருண்டை போட்டார். பாதி வருடம் நான் அந்துருண்டை வாசனையோடுதான் பஸ் ஏறினேன். முட்டையைக் குற்றம் சொன்ன மனிதரை நான் கேலி செய்வது நியாயமில்லைதான்.

அறை வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். என் வளையல், ஓட்டுநர்களின் மோதிரம், லைட்டர் என்று பொறி கிளப்பக்கூடிய எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மூத்த ஓட்டுநர் காதர் பாய் தினமும் கேட்பார்: "என்னா தங்கச்சி, சாயங்காலம் அடகுக்கடை தொறக்கப் போறியா?"

ஒரு ஆயுத பூசை நாள். வண்டிகளுக்கு மாலை வாங்கி வந்ததே காதர் பாய்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. திடீரென்று ஓட்டுநர் சேகருக்கு நன்றியுணர்ச்சி பொங்கிவிட்டது.

"சார்ஜர் பாவம்லா. அதானே வருஷம் பூரா சோறு போடுது!"

எரிகிற சூடத்தட்டோடு பேட்டரி அறையைப் பார்த்து நடந்தான். நான் கதவை மறித்துக் கையை விரித்து நின்றேன். காதர் பாய்தான் சொன்னார்: "டேய், உள்ள போயிக் காட்டுனா நாமதான் சாமிகிட்ட போவோம். சாமிய வெளிய கூப்பிடு!"

கெட்டுப்போன சார்ஜர் ஒன்று வாசல் மரத்தடிக்கு வந்தது. மூலவர் உள்ளே, உற்சவர் வெளியே. பொட்டு, மாலை, சூடம் எல்லாம் முறைப்படி நடந்தது. சிரிக்காதீர்கள், நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எல்லாம் வாயு வராத லித்தியம் பேட்டரி வண்டிகள். பேட்டரி அறையில் மைக்ரோவேவ் வைத்துச் சாப்பிடுகிறார்கள். டின் எங்கே என்று கேட்டேன். பிஸ்கட் எடுத்து நீட்டினார்கள்.

நேற்று யாழினியும் லித்தியம் வாங்கிவிட்டாள். "இதுல நாத்தமே வராதும்மா. பயப்படாதீங்க."

"அதான்டி பயமே."

லித்தியம் சூடேறினால் நாற்றம் காட்டாமலே தீப்பிடிக்கலாம். இப்போது பேட்டரி பால்கனியில். தீப்பெட்டி ஒரு டின்னுக்குள், என் பொறுப்பில். விளக்கேற்ற அவர் என்னிடம் கேட்டு வாங்குகிறார். இன்று காலை கேபிளில் புறங்கையை வைத்துக் குனிந்திருந்தேன்.

"எத்தன டிகிரி, டாக்டர்?" என்றாள் யாழினி பின்னாலிருந்து.

அந்த நாற்றத்தைத் தேடுகிற நாள் வருமென்று யார் நினைத்தது? முன்பெல்லாம் ஆபத்து வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டு வரும். இனி மூக்குக்கு வேலையில்லை. திரும்பி, அதே புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.