வாய்க்காலில் கொட்டிய புல்

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பின் புல்தரையைப் பராமரிக்க ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். மடிப்புக் கலையாத பச்சைச் சட்டை; முதுகில் 'ஒரு சருகும் வீணாகாது' என்ற எழுத்து. யாராவது பார்க்க வந்தால், மூலையில் சருகை மக்க வைப்பதாகச் சொன்ன தொட்டியிலிருந்து ஒரு கை உரத்தை அள்ளி, கண்ணை மூடி முகர்ந்து காட்டுவார். அது கடையில் வாங்கிய உரம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் அவருடைய வண்டி, எங்கள் புல்லையும் சருகையும் வயலுக்குப் பாயும் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவரும் பக்கத்தில் நின்றார்.

"மக்க வைக்கோம்னுதான வே சொன்னீரு?" என்றேன்.

"இங்கனயும் மக்கத்தான செய்யுது, அண்ணாச்சி. வயலுக்குத்தான போவுது."

முகத்தில் துளி கூச்சம் இல்லை. இப்படியும் ஓர் அற்பப் பிறவியா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் மதகு அடைத்துக்கொண்டது. நடவு வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. விவசாயிகள் இடுப்பளவு நீரில் நின்று அழுகிய புல்லை வாரினார்கள். ஒப்பந்தக்காரர் கரையில் நின்று, "பைய அள்ளுங்க அண்ணாச்சி, அம்புட்டும் நல்ல உரம்லா. ஒரு குழி வெட்டிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விவரம் அறியாத ஒருவர் நிமிர்ந்து அவருக்கு நன்றி சொன்னார். அதையும் அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது எங்கள் வீட்டுப் புல்.