பெருமாளுக்கு எழுதிய தெலுங்கு மனு

தெலுங்குப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறினேன். மூன்றாவது வாய்ப்பே கடைசி. அதிலும் தவறினால் தாலுகா அலுவலகத்தில் என் குமாஸ்தா வேலை போய்விடும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஆந்திர ராஜ்யம் பிறந்த மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம். எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று நகரிச் சந்தையில் எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஊர் எந்தப் பக்கம் போனாலும் நான் தெருவுக்குத்தான் போவேன் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அன்பர்களே, நான் நகரியில் பிறந்தவன். தெலுங்கில் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் சென்னையில் தமிழும் ஆங்கிலமும் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு, முப்பத்து நான்கு வயதில் அந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. வட்டம். அதன் தலையில் ஒரு கொக்கி. மறுபடியும் வட்டம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

என் குற்றத்தையும் மறைக்கலாகாது. எனக்கு வாசிக்க முடியாத தெலுங்கு மனுக்களின்மேல் 'விவரம் தெளிவாக இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவந்தேன். முனுசாமி என்ற உழவரின் மனு அப்படி இரண்டு முறை திரும்பியது.

"எழுதனவரு தெளிவாத்தான் எழுதிக்கீறேன்றாரு சார். உங்களுக்கு இன்னா தெளியல?" என்று அவர் கேட்டார்.

வாயால் விசாரித்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் பரீட்சையில்தான் தவறினேன், வேலையில் இல்லை என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேனே! அடுத்த காகிதத்தை எடுத்துக் குனிந்துகொண்டேன்.

ஏழுமலையானிடம் முறையிடாத நாள் இல்லை. இரண்டாம் பரீட்சைக்கு முன் திருமலைக்குப் படியேறிச் சென்றேன், பலன் தெரிந்ததே. மூன்றாவதற்கு, தெலுங்கு நாட்டு வழக்கப்படி, நோட்டுகள் நிறைய இராமநாமம் எழுதும் ராமகோடி விரதத்தை எடுத்தேன். தெலுங்கில் எழுதினால் அருளும் வரும், எழுத்தும் வரும் என்று எண்ணினேன். இரண்டு மாதம் எழுதினேன். 'ஸ்ரீராம' அச்சில் வார்த்ததுபோல் வந்தது. வேறு ஒரு சொல்லும் வரவில்லை. ஒருநாள் மாலை நோட்டைப் பெருமாள் படத்தின் முன் வீசினேன். "இதற்குத்தானா உன்னை நம்பினேன்?" என்று கத்தினேன்.

என் மனைவி கனகம் ஏர்பேட்டில் தெலுங்குப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அவளிடம் பட்டதாரி பாடம் கேட்பதா என்ற செருக்கு எனக்கு இருந்தது. அவள் நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவரு பேரு அவருக்குத் தெரியாதா? எத்தினி வாட்டி சொல்லுவீங்க? உங்க கஷ்டம் இன்னான்னு எழுதுங்க. ஊரு சனத்தாண்ட மனு வாங்கறவரு, ஒரு மனு எழுத மாட்டீங்களா?"

கோபத்தில் எழுதினேன். தெலுங்கில், தப்பும் தவறுமாக மூன்று வரி. அதைப் படத்தின் முன் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் வந்து பார்த்தால் அதன்மேல் பென்சிலால் தெலுங்கில் ஏதோ எழுதியிருந்தது. கனகமே வாசித்துக் காட்டினாள்: 'விவரம் தெளிவாக இல்லை.' அலுவலகத்தில் நான் செய்வதை அவளிடம் நானேதான் சொல்லியிருந்தேன்.

"பெருமாளாண்ட போற காகிதம் எல்லாம் மொதல்ல எங்கிட்டதான் வரணும்" என்றாள் சிரிக்காமல்.

"இதுல உனக்கு இன்னாடி தெளியல?" என்று சீறினேன்.

சொன்ன வாய் மூடவில்லை, முனுசாமியின் முகம் எதிரில் நின்றது. அவர் கேட்ட அதே கேள்வி. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு தாழ்ந்த குரலில், "எங்கே தப்பு? காட்டு" என்றேன்.

அன்றுமுதல் தினமும் ஒரு மனு. வெயிலைப் பற்றி, தலைமை குமாஸ்தாவைப் பற்றி, பெருமாளின் மௌனத்தைப் பற்றி இரண்டு பக்கம். எல்லாம் திரும்பி வந்தன, திருத்தத்தோடு வந்தன. இராமநாமத்தில் வராத எழுத்தெல்லாம் என் ஆத்திரத்தில் வந்தது. கார்த்திகையில் ஒருநாள் மனு திரும்பவில்லை. அதன்மேல் ஒரு துளசி இலை இருந்தது.

மறுவாரம் முனுசாமி மூன்றாம் முறையாக வந்தார். அவரை உட்காரவைத்து, அவருடைய மனுவை உரக்க வாசித்தேன். அவர் வயலுக்குப் போகும் ஏரிக் கால்வாயை ஒருவர் அடைத்துவிட்டார். தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

"இதத்தான சார் நானும் சொல்லிக்கினு கீறேன்!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். அன்றே மேலிடத்துக்கு அனுப்பினேன், கால்வாய் திறந்தது. ஆனாலும் அந்தப் போகத்து நாற்று அதற்குள் காய்ந்துபோயிருந்தது. அது என் கணக்கில்தான் இருக்கிறது.

தை மாதம் பரீட்சை எழுதினேன். தேறினேன். வேலை நிலைத்தது. படத்தின் முன் விழுந்து அழுதேன். படியேறியபோதே அவர் பதில் தந்துவிட்டார். அது என் வீட்டு அடுப்பங்கரையில் இருந்ததால் எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

இப்போது புரியாத மனு வந்தால், கொண்டுவந்தவரை உட்காரச் சொல்லிக் கேட்கிறேன். அன்பர்களே, உங்கள் குறையை மறைக்காமல் அவரிடம் எழுதுங்கள். திரும்பி வந்தால் சினந்து கிழித்துவிடாதீர்கள். எங்கே தெளிவில்லை என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். நான் இன்றும் எழுதுகிறேன். இன்று காலை எழுதிய நன்றி மனுவைக் கனகம் இரண்டு பிழைகளோடு திருப்பியிருக்கிறாள்.